மண்டைதீவில் கயாக்குக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்

போன ஆடியில் நாங்கள் ஏழு பேர் யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட இருக்கும் மண்டைதீவுப் பக்கம் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு ஓடப் போனோம். ஆளுக்கு 7,500 ரூபா. எல்லாருக்கும் லைஃப் ஜக்கெட், கூடவே ஒரு வழிகாட்டி, பின்னால் இயந்திரப் படகு என்று வட்ஸ்அப்பில் எழுதித் தந்தார்கள். அரைவாசிக் காசை வங்கியில் போட்டோம்.

காலை ஏழு மணிக்கு என்றவர்கள் பதினொரு மணிக்குத்தான் வந்தார்கள். நான்கு கயாக், ஐந்து ஜக்கெட், ஒரு பெடியன். படகு பிறகு வரும் என்றான். எங்களோடு வந்த நண்பன் நோர்வேயில் இருப்பவன், பனியாறுகள் கடலில் இறங்கும் இடங்களில் கயாக் ஓடியவன். அங்கே பனி உடைந்து விழுந்தால் பெரிய அலை எழும் என்று கிட்டப் போகவே விடமாட்டார்களாம். ஜக்கெட்டின் ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் தண்ணீரில் இறக்குவார்களாம். அவன் அப்போதே வேண்டாம் என்றான். நாங்கள்தான் கேட்கவில்லை. ஜக்கெட் இல்லாமல் இரண்டு பேரை ஏற்றியது எங்கள் பிழை.

ஆடியில் சோழகக் காற்று அடிக்கும். தென்மேற்கிலிருந்து வருவதால் மண்டைதீவிலிருந்து எதிர்க்கரையில் உள்ள குருநகர்ப் பக்கம் போகும்போது காற்று முதுகில் தள்ளும், சுகமாக இருக்கும். திரும்பும்போது அதே காற்று நெஞ்சுக்கு நேரே. அரை மணித்தியாலம் துடுப்புப் போட்டும் நின்ற இடத்திலேயே நின்றோம். அப்புறம் எங்கள் கயாக் ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கியது. நாங்கள் இருந்த மேல்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கவிழ்ந்தபோது நெஞ்சளவு தண்ணீர், காலுக்குக் கீழே சேறும் சாதாளை என்ற கடற்புல்லும். ஜக்கெட் இல்லாத தங்கச்சி என் தோளைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

களங்கட்டி வலை (தடி நட்டுக் கட்டி வைக்கும் மீன் வலை) பார்க்க வந்த ஒரு ஐயாதான் வள்ளத்தில் ஏற்றினார். கயாக்கைத் திருப்பிப் பின்பக்கம் காட்டினார். தண்ணீர் வடிக்கும் துளைக்கு மூடி இல்லை. செருப்பு றப்பரில் ஒரு துண்டை வெட்டி அடைத்திருந்தார்கள், அதுவும் பாதி வெளியே வந்திருந்தது. "தம்பி, உள்ளுக்கை தண்ணி நிரம்பினா வெளியிலை தெரியாது. சாயேக்கைதான் தெரியும்" என்றார். உள்ளே வெறும் கூடு. புகுந்த தண்ணீர் சாயும் பக்கத்துக்கே ஓடும்.

இயந்திரப் படகு கடைசிவரை வரவில்லை. காசைத் திருப்பிக் கேட்டதற்கு, "நீங்கள் தூரப் போனது உங்கள் பிழை" என்று பதில் போட்டுவிட்டு இலக்கத்தைத் தடை செய்துவிட்டார்கள். பாவனையாளர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிட்டிருக்கிறேன்.

போகிறவர்கள் விடியவே இறங்குங்கள். படகைக் கண்ணால் கண்ட பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள். கயாக்கைக் கவிழ்த்து அந்த மூடியைக் கையால் திருகிப் பாருங்கள். அந்த றப்பர் துண்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.