ஏழு வருட ட்ராப் கிட் அனுபவம்: காலித் தடத்தை நம்பாதீர்கள்

புதுச்சேரியில் ஒரு சிறிய செல் வளர்ப்புக் கூடத்தில் மூளைக் கட்டிச் செல்களோடு ஏழு வருடமாக மல்லுக்கட்டுகிறேன். அவற்றில் டெலோமரேஸ், அதாவது குரோமோசோம் நுனியிலுள்ள டெலோமியரை நீட்டும் நொதி, வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரே நிறுவனத்தின் ட்ராப் கிட்டைத்தான் வாங்குகிறோம். பெயரைச் சொல்லவில்லை, குறையும் சொல்லவேண்டியிருக்கிறது.

செல்களை உடைத்துச் சாறெடுத்து, ஒரு டி.என்.ஏ. துணுக்கோடு 30 டிகிரியில் வைத்தால், டெலோமரேஸ் அதன் முனையில் டிடிஏஜிஜிஜி என்ற ஆறெழுத்தைத் திரும்பத் திரும்பக் கோத்துக்கொண்டே போகும். அதைப் பி.சி.ஆரில் பெருக்கி ஜெல்லில் ஓட்டினால் அந்தச் சாற்றுக்கான தடத்தில் ஆறாறு எழுத்து இடைவெளியில் பட்டைகள் ஏணிபோல் விழும். 1994இல் வந்த முறை. நல்ல ஏணியைப் பார்த்தால் இன்றும் மனம் குளிர்கிறது.

முதல் வருடம் யு-87 என்ற மூளைக் கட்டிச் செல்களுக்கு ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தோம். தடம் காலி. "அக்கா, மருந்து டெலோமரேஸை நிறுத்திவிட்டது!" என்று புதிதாகச் சேர்ந்த பெண் துள்ளினாள். பக்கத்தில் மருந்தே போடாத குடுவையின் தடமும் காலி. ஜெல்லின் அடியில் நிற்க வேண்டிய 36 எழுத்துப் பட்டையையும் காணோம். அந்தப் பட்டை பி.சி.ஆர். ஓடியதற்குச் சாட்சி. சாறு அதிகமாகிப் பி.சி.ஆரையே முடக்கியிருந்தது. பத்து மடங்கு நீர்க்க வைத்தோம், பிறகு நூறு மடங்கு. ஏணி பளிச்சென்று வந்தது. யு-87இல் டெலோமரேஸ் மரபணுவின் முகப்பிலேயே அதை முடுக்கிவிடும் பிறழ்வு உண்டு, டெலோமரேஸ் சும்மா இருக்காது. ஏணி பலமாக விழும்போது 36 மங்குவது இயல்புதான். இரண்டுமே இல்லாவிட்டால் அந்த ஜெல்லைக் குப்பையில் போடுங்கள்.

85 டிகிரியில் பத்து நிமிடம் சுட்ட சாற்றையும் தவறாமல் ஓட்டுங்கள். சூட்டில் டெலோமரேஸ் செத்துவிடும், அதில் ஏணி விழக்கூடாது. மூன்றாம் வருடம் சுட்ட தடத்திலும் ஏணி விழுந்தது. பழைய பி.சி.ஆர். குழாய்களை அதே மேசையில் திறந்த வினை. ஒரு மாத முடிவுகள் போயின. மேசையை அடுத்த அறைக்கு மாற்றினோம்.

36 பட்டை, சுட்ட சாறு என்று எல்லாக் கட்டுப்பாட்டுச் சோதனையும் சரியாக இருந்து ஏணி மட்டும் விழாத செல்களும் உண்டு. கிளையோமா என்ற மூளைக் கட்டிகளில் சில டெலோமரேஸ் இல்லாமலே வேறு வழியில் டெலோமியரை நீட்டிக்கொள்ளும். அதை இந்தக் கிட் காட்டாது.

கிட்டின் பெரிய குறை, ஒப்பிட்டுப் பார்க்கக் கூடவே வரும், டெலோமரேஸ் உள்ள கட்டுப்பாட்டுச் செல்கள். ஒரு மே மாதம் பெட்டியைத் திறந்தால் உலர்பனி துளியும் இல்லை, குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. "சரியாகத்தான் அனுப்பினோம்" என்று பதில். அன்றிலிருந்து நாங்களே செல்களை உறையவைத்துக்கொள்கிறோம்.

அதற்கும் 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் சோதனை வைத்தது. கரண்ட் போனதும் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியின் கதவில் டேப் ஒட்டி, யாரையும் தொடவிடவில்லை. பின்னர் ஓட்டிய ஜெல்லில் பல சாறுகள் தப்பியிருந்தன. ஏற்கெனவே நாலைந்து முறை உருக்கி உறையவைத்தவைதான் மங்கின. இப்போது சாற்றைச் சிறு சிறு குழாய்களாகப் பிரித்துவிடுகிறேன்.

அடுத்த கிட்டும் இதேதான். மழை முடிந்து, தை பிறந்த பிறகு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.