ஸ்போர்ட்டராக மாறிய லீ-என்ஃபீல்டும் நானும்: 11 வருட அனுபவம்

என்னிடம் இருக்கும் லீ-என்ஃபீல்டு நம்பர் 4, பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள். நான் வாங்கும்போதே அது ஸ்போர்ட்டர்தான், அதாவது வேட்டைக்காக வெட்டி மாற்றிய ராணுவத் துப்பாக்கி. யாரோ முன்கட்டையைப் பாதியில் அறுத்து, குழலை மூடும் மேல்மரத்தைக் கழற்றிவிட்டு, கெட்டியாக வார்னிஷ் அடித்திருந்தார். பார்த்தவர்கள் பலரும் "நல்ல ராணுவத் துப்பாக்கியைக் கெடுத்துவிட்டார்களே" என்றார்கள். 11 வருடமாக அதைச் சுட்டும் துடைத்தும் கழற்றி மாட்டியும் வருகிற எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் படைகளுக்குத் தேவைப்படாத ரைஃபிள்கள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. புது வேட்டைத் துப்பாக்கிக்குப் பணமில்லாதவர்கள் அவற்றை வாங்கி, எடையைக் குறைத்து மானுக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் ராணுவ உபரி இறக்குமதியை நிறுத்தும்வரை இது தொடர்ந்தது. பிரிட்டனின் பார்க்கர்-ஹேல் போன்ற துப்பாக்கி நிறுவனங்கள் செய்த மாற்றங்களும் உண்டு, வீட்டுப் பின்கட்டில் ரம்பத்தால் செய்தவையும் உண்டு. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் குழப்பமே.

அடையாளம் காண மரத்தைப் பார்க்காதீர்கள், இரும்பைப் பாருங்கள். என் ரிசீவரின் (குழலும் போல்ட்டும் பொருந்தும் இரும்பு உடல்) இடது பக்கத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது 'லாங் பிராஞ்ச் 1943' என்ற எழுத்து மங்கலாகத் தெரிந்தது. கனடாவில் செய்தது. குழலில் '.303' (குழல் அளவு), '2.222' (கூட்டின் நீளம், அங்குலத்தில்), '18.5 டன்' (அழுத்தம்) என்ற முத்திரைகள்: பிரிட்டனில் சோதித்து, பொதுமக்களுக்கு விற்கப்பட்டதற்கான தடயம். அப்புறம் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடி, அதன் பின்புறம். அங்கிருந்த எண்ணும் கட்டையின் கழுத்தைப் பிடிக்கும் இரும்பில் இருந்த எண்ணும் ஒன்றாக இருந்ததைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

குழல்வாயில் பயோனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் முளைகள் இருந்தால் குழலை யாரும் வெட்டவில்லை என்று பொருள். என்னுடையதில் இருக்கின்றன. குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய வரிகள் 2 மட்டும் இருந்தால் தேய்ந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், போர்க்கால அவசரத்தில் அப்படியும் செய்தார்கள். நன்றாகவே சுடும்.

ஸ்போர்ட்டராக மாற்றப்பட்ட மற்ற ராணுவ ரைஃபிள்களும் உண்டு. ஜெர்மானிய மௌசர் 98 என்றால் ரிசீவரின் இடது சுவரில் கட்டைவிரலுக்கான வெட்டைத் தேடுங்கள். அமெரிக்க ஸ்பிரிங்ஃபீல்டு 1903இல் வரிசை எண்ணைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி என்ற ஆயுதத் தொழிற்சாலை செய்தவற்றில் 8,00,000க்குக் கீழும், ராக் ஐலண்டு தொழிற்சாலை செய்தவற்றில் 2,85,507க்குக் கீழும் உள்ள ரிசீவர்களில் எஃகைச் சூடாக்கிப் பதப்படுத்தியதில் குறை உண்டு, சில வெடித்திருக்கின்றன. எவ்வளவு அழகான கட்டை போட்டிருந்தாலும் அவற்றைச் சுடாதீர்கள்.

சரி, குறைகள். முதல் வருடம் குழல் சூடாகச் சூடாகக் குண்டுகள் மேலே ஏறிக்கொண்டே போயின. நம்பர் 4இல் முன்கட்டையின் நுனி குழலை மெல்ல மேல்நோக்கி அழுத்த வேண்டும், அந்த அழுத்தத்தோடு சேர்த்துத்தான் அதை வடிவமைத்தார்கள். கட்டையை அறுத்ததும் அது போய்விடுகிறது. என் துப்பாக்கியில் அறுத்த நுனி ஒரு பக்கம் மட்டும் குழலில் உரசிக்கொண்டிருந்தது. உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஒரு தாள் தடையில்லாமல் நுழையும்படி விட்டேன். 100 கஜத்தில் நாலரை அங்குலமாக இருந்த குண்டுகளின் பரவல் இரண்டு அங்குலத்துக்கு வந்தது.

இன்னொன்று, தோட்டாவின் பித்தளைக் கூடுகள். இதன் போல்ட் பின்பக்கம் பூட்டுவதாலும் தோட்டா உட்காரும் போர்க்கால அறை கொஞ்சம் தாராளமாக இருப்பதாலும் சுடும்போது கூடு நீள்கிறது. மறுபடி நிரப்பியவற்றில் நான்காவது தடவையே அடிப்பக்கம் விரிசல் கண்டேன். இப்போது நிரப்பும் முன் முழுக் கூட்டையும் இறுக்காமல் கூட்டின் கழுத்தை மட்டும் அளவுக்குக் கொண்டுவருகிறேன், கூடுகள் இரண்டு மடங்கு நாள் வருகின்றன.

வெட்டப்படாத ராணுவ ரைஃபிள் கையில் இருந்தால் இன்று யாரும் அதில் ரம்பம் வைக்க வேண்டாம். ஏற்கெனவே வெட்டியதை மட்டம் தட்டவும் வேண்டாம். மூன்றாம் வருடம் வார்னிஷைச் சுரண்டியபோது, அறுத்த நுனியில் அந்த முகம் தெரியாத மனிதர் கறுப்பு மரத்தில் ஒரு சிறு தொப்பி செய்து பொருத்தியிருந்தது தெரிந்தது. சேரும் கோடு நகத்துக்கே தட்டுப்படவில்லை. மற்ற இடமெல்லாம் ஆளி விதை எண்ணெய் தேய்த்தேன், அந்த நுனியை மட்டும் தொடவில்லை. பழையபடி முழுக்கட்டை போடலாமே என்று கேட்கிறார்கள். போடப்போவதில்லை.