முயல் கம்பளத்தைத் தோண்டினால்: மூடி வைப்பதா, பெட்டி தருவதா?

முயல் கம்பளத்தைப் பிராண்டிக் கடிக்கும்போது, அந்த மூலையை மூடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். கெட்டியான விரிப்போ தரை ஓடோ போட்டால் சேதம் அன்றைக்கே நிற்கும். நூலிழைகள் வயிற்றுக்குள் போகாது என்பது அதைவிடப் பெரிய நன்மை. முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடல் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் தோண்டும் ஆசை அப்படியேதான் இருக்கும், அடுத்த மூலைக்குப் போய்விடும்.

தோண்டும் பெட்டி அந்த ஆசைக்கே இடம் தருகிறது. பெரிய அட்டைப்பெட்டியில் கிழித்த காகிதமும் உலர்புல்லும் நிரப்பி, அது வழக்கமாகப் பிராண்டும் இடத்திலேயே வையுங்கள். வளை தோண்டுவது அதன் பிறவிக் குணம். பற்களும் ஆயுள் முழுக்க வளர்வதால் மெல்ல ஏதாவது வேண்டும். அதற்கு உலர்புல்லைப் போல வேறில்லை. பழகச் சில நாள் ஆகும், குப்பையும் சேரும். சரி, பெருக்கிவிடலாம்.

என் ஓட்டு பெட்டிக்குத்தான். அது பழகும்வரை மூலையைச் சுற்றி விரிப்பும் இருக்கட்டும். கருத்தடை செய்யாத பெண் முயல் கூடுதலாகத் தோண்டும், அதைப் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். திட்டுவது மட்டும் வேண்டாம், பாவம். பயப்படுமே தவிர அதற்குக் காரணம் புரியாது.