பரந்தன் ஆங்கில வகுப்பு: மூன்று மாத அனுபவம்

மகளுக்கு இந்த வருடம் ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை. பரந்தன் சந்திக்குப் பக்கத்தில் ஒரு சனிக்கிழமை ஆங்கில வகுப்பில் விட்டேன். வாசலில் காத்திருந்ததில் நானும் பாதி படித்துவிட்டேன். பிரேஸ் (சொற்றொடர்), குளோஸ் (வசனத்தின் உட்கூறு) வித்தியாசத்தை சேர் ஒரு மழை உதாரணத்தில் முடித்தார். ‘ஆஃப்டர் த ரெயின்’ பிரேஸ். அதில் வினை இல்லை. ‘ஆஃப்டர் இட் ரெயின்ட்’ குளோஸ். எழுவாயும் முற்றுவினையும் உண்டு, ஆனாலும் தனியே நிற்காது. தமிழில் ‘மழை பெய்த பிறகு’ என்று எச்சத்தோடு விட்டுவிடுகிறோம், அதனால்தான் எங்கள் பிள்ளைகள் அங்கே தடுமாறுகிறார்களாம். எனக்கு இது நாற்பது வயதில்தான் விளங்கியது!

கொம்பவுண்ட் (கூட்டு), கொம்ப்ளெக்ஸ் (கலப்பு) வசனங்களை மட்டும் ஒரே நாளில் ஓட்டிவிட்டார். ‘அன்ட்’, ‘பட்’ சரி. ‘பிகோஸ்’ வந்தால் மகள் இன்னும் முழிக்கிறாள். தகரக் கொட்டகை, மத்தியானம் அவிந்துபோகும். அடுத்த தவணைக்கும் காசு கட்டியாயிற்று.