வீட்டுப் படத்தை எப்ப மாத்துறது: கீறேக்கயோ, கட்டேக்கயோ?

யாழ்ப்பாணம் சுன்னாகத்தில எங்கட வீடு குடிபூந்து ரெண்டு வருசமாகுது. வீடு கட்டப்போற சொந்தக்காரர் எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான், படத்தில பிடிக்காததை முதலே மாத்திறதோ இல்லாட்டிக் கட்டேக்க மேசனிட்டச் சொல்லி மாத்திக்கொள்ளலாமோ எண்டு. நான் முதலாவது கட்சி. சித்தப்பா ரெண்டாவது வழியில போனவர், அவற்ற வீடும் எங்கட ஒழுங்கைதான், அதால ரெண்டின்ர கூத்தையும் தினம் பாக்கிறன்.

காசுக் கதையை விடுவம். கடதாசியில சுவரை அழிக்க அழிறப்பர் போதும், கட்டின சுவருக்கு உடைக்கக் கூலி, அள்ளக் கூலி, திரும்பக் கட்டக் கூலி. பிரதேச சபை பாஸ் பண்ணின படமும் கட்டின வீடும் வேற வேறயா இருந்தா கடைசியில சி.ஓ.சி. (படத்தின்படிதான் கட்டினது எண்டு சபை குடுக்கிற சான்றிதழ்) எடுக்கேக்க இழுபடவேணும், லோன் போட்ட ஆக்களுக்கு பாங்கிலயும் கேள்வி வரும்.

என்னைக் கேட்டா எல்லாத்தையும் முடிவு செய்யிறது கக்கூசுக் குழிதான், சிரிக்காதேங்கோ.

நாங்கள் இன்ரநெற்றில ஒரு படம் எடுத்து அதைத்தான் கீறச் சொன்னனாங்கள். வடிவான படம், ஆனா அதில வீடு மட்டும்தான் இருக்கு, கிணறும் இல்லை குழியும் இல்லை. படம் கீறுற தம்பி 2 பரப்புக் காணிக்குள்ள அதை வைச்சு, எங்கட கிணறையும் கிழக்கு மதிலோட இருக்கிற பக்கத்து வீட்டுக் கிணறையும் குறிச்சுக் காட்டினாப்பிறகுதான் விளங்கினது, பாத்றூம் ரெண்டும் நேர கிணத்துப் பக்கம். எங்கட மண்ணுக்குக் கீழ சுண்ணாம்புக்கல்லு, முழுக்க வெடிப்பும் ஓட்டையும், குழித்தண்ணி மணலுக்குள்ளால போற மாதிரி வடிகட்டுப்படாது, வெடிப்புக்குள்ளால ஓடிக் கிணத்துக்கே போயிடும். ஆறு இல்லாத ஊரில கிணத்தையும் கெடுத்துப்போட்டு என்ன செய்யிறது? அதால முழுப்படத்தையும் இடவலமாப் புரட்டி, பாத்றூமும் குழியும் வாயு மூலைப் பக்கம் போச்சுது. குசினியும் சேர்ந்து அக்கினி மூலையை விட்டு மேற்கால போக அம்மா ஒத்துக்கொள்ளேல்லை, அதைத் திரும்பக் கொண்டுவர இன்னும் ரெண்டு கிழமை. பரவாயில்லை, கடதாசிதானே.

சித்தப்பா அத்திவாரம் போட்டாப்பிறகு அறைக்குள்ளயும் ஒரு பாத்றூம் வேணும் எண்டார். குழி வீட்டுக்கு மற்றப் பக்கம், பைப் சுத்திப் போறது ஒரு 40 அடி. பைப்புக்கு 40 அடிக்கு 1 அடி எண்டாவது இறக்கம் குடுக்கவேணும், செம்மண்ணைக் கொஞ்சம் வழிச்சா உடன கல்லு, அந்த ஒரு அடிக்கும் மிசின் பிடிச்சு உடைக்கவேணும். அவர் பாதியில விட்டிட்டார். இப்ப வருசத்தில ரெண்டு தரமாவது அடைக்குது, ஆள் பிடிச்சுக் குத்துறார், கலியாணம் திவசம் எண்டு சனம் கூடினா முதல் கேள்வியே பாத்றூம் வேலை செய்யுதோ எண்டதுதான்.

அவற்ற பக்கத்திலயும் ஒரு ஞாயம் இருக்கு. படத்தில 10க்கு 10 எண்டு பாத்தா ஒண்டும் விளங்காது, நிண்டு பாத்தாத்தான் தெரியும். அதுக்கு நாங்கள் செய்தது, அத்திவாரம் வெட்ட முதல் காணியில நூல் கட்டி, மனுசி கதிரையள் கொண்டுவந்து வைச்சுப் பாத்தவ. குசினி வாசல் அண்டைக்குத்தான் மாறினது. பிறகு கட்டேக்க நாங்கள் மாத்தினது ஒரேயொரு ஜன்னல், மேற்கு வெயில் தாங்கேலாமல். ஜன்னல், அலுமாரி இடம், பிளக் பொயின்ற் மாதிரியானதைக் கட்டேக்க மாத்தலாம், தண்ணி போறதையும் வாறதையும் தொடாதேங்கோ.

மேல்மாடி விசயத்தில நான் வாய் திறக்கேலாது, நாங்கள் எழுப்பேல்லை. சித்தப்பா எழுப்பப் போறாராம். படம் கீறியாச்சோ எண்டு கேட்டன், மேசனுக்குத் தெரியும் எண்டார்.