பைதன் எரர் மெசேஜ்கள்: 3.8 தொடங்கி 3.13 வரை

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் 2020இல் பைதன் நிரல்மொழியின் 3.8 பதிப்பில் வேலை தொடங்கினோம். இப்போது 3.13. இத்தனை வருடத்தில் எனக்கு நாளாந்தம் கைகொடுத்த மாற்றம் எதுவென்று கேட்டால், எரர் மெசேஜ்கள் திருந்தியதைத்தான் சொல்வேன்.

3.8இல் ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தால் 'இன்வாலிட் சின்டக்ஸ்' என்று மட்டும் சொல்லி, பிழையே இல்லாத அடுத்த வரியைக் காட்டும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் அந்த நல்ல வரியைத் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருப்பார்கள். 2021இல் வந்த 3.10, அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று சொல்லி, அது திறந்த இடத்தையே காட்டியது. பெயரில் எழுத்துப்பிழை விட்டால் சரியான பெயரை எடுத்துத் தருவதும் அதில்தான் வந்தது.

ஆனால் என்னைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் 2022இல் வந்த 3.11. ஜேசனுக்குள் (தரவை அடுக்கடுக்காக வைக்கும் வடிவம்) நாலு படி இறங்கும் ஒரே வரியில் ஏதோ ஒரு படி 'நன்', அதாவது வெறுமை, ஆகிவிட்டால், எது என்று முன்பு தெரியாது. ஒவ்வொரு படிக்கும் பிரின்ட் போட்டுப் பார்க்க வேண்டும். 3.11 அந்த வரியின் கீழே குறிபோட்டு, உடைந்த துண்டை மட்டும் காட்டுகிறது. 3.13 இதற்கெல்லாம் நிறம் கொடுத்தது. நல்லது, அவ்வளவுதான்.

இதைப் பார்த்த பிறகுதான் நாங்களே எழுதிய லைப்ரரியை (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) திரும்பிப் பார்த்தேன். இலங்கைத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைச் சரிபார்க்கும் சிறிய லைப்ரரி அது. பழைய அட்டையென்றால் 9 இலக்கமும் வீ அல்லது எக்ஸ் எழுத்தும், புதியதென்றால் 12 இலக்கம். பொருந்தாவிட்டால் 'தவறான இலக்கம்' என்று சொல்லும். அந்த மெசேஜை எழுதியது நான்தான்.

ஒருநாள் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் வந்து, "அக்கா, பிழை எங்க எண்டு விளங்கேல்ல, காலமையில இருந்து பாக்கிறன்" என்றார். அட்டை இலக்கங்கள் இருந்த ஃபைலைத் திறந்தோம். யாரோ அதை எக்செலில் திறந்து சேமித்திருக்கிறார்கள். 12 இலக்க எண்ணை எக்செல், நடுவே புள்ளி வரும் அடுக்குக்குறியாகச் சுருக்கிவிடும். சீஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) சேமிக்கும்போது அந்தச் சுருக்கமே எழுதப்பட்டு, மிச்ச இலக்கங்கள் போய்விடும். லைப்ரரியின் கையில் அந்தச் சுருக்கம் இருந்தது. அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு அரைநாள் மிஞ்சியிருக்கும்.

இப்போது அது இப்படிச் சொல்கிறது: '12 இலக்கம், அல்லது 9 இலக்கமும் வீ/எக்ஸ் எழுத்தும் வேண்டும். வந்தது 11 எழுத்து, 2ஆம் இடத்தில் புள்ளி. எக்செலில் சேமித்த ஃபைலா? அந்தக் கொலத்தை (நெடுவரிசையை) டெக்ஸ்ட் ஆக்கி, மூல ஃபைலில் இருந்து மறுபடி எடுங்கள்.' ஃபைலின் எத்தனையாவது வரி என்பது லைப்ரரிக்குத் தெரியாது. லைப்ரரியை அழைக்கும் நிரலுக்குத்தான் தெரியும். 3.11இல் வந்த, பிழையோடு குறிப்பு சேர்க்கும் 'அட் நோட்' மூலம் அந்த நிரல் வரி எண்ணைப் பிழையோடு ஒட்டிவிடுகிறது. இவ்வளவு பயனுள்ள வசதியைப் பலர் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை என்பது எனக்குக் கவலை.

குறையும் உண்டு. சில வெளி லைப்ரரிகள் உள்ளே நடந்த பிழையைப் பிடித்து, தங்கள் பொதுவான பிழையொன்றால் மூடிவிடுகின்றன. ட்ரேஸ்பேக்கின் (பிழை வந்த வழியைக் காட்டும் பட்டியல்) கடைசி வரியை மட்டும் வாசித்தால் ஒன்றும் கிடைக்காது. மேலே ஏறி, முதலில் வந்த பிழையைத் தேட வேண்டும். புதியவர்களுக்கு நான் முதலில் காட்டிக்கொடுப்பது இதைத்தான்.

அப்புறம் ஒரு திருத்தம். முதலில் தவறான இலக்கத்தை முழுதாகவே மெசேஜில் போட்டிருந்தோம். அந்த இலக்கத்தில் ஒருவரின் பிறந்த வருடமும் நாளும் இருக்கின்றன. பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டியிருப்பதால் ஆணா பெண்ணா என்பதும் தெரியும். அதெல்லாம் லொக் ஃபைலில் (நிரல் ஓடும்போது நடந்ததைப் பதிந்துவைக்கும் ஃபைல்) கிடப்பது சரியில்லை. எடுத்துவிட்டோம். நீளம், பிழையான இடம், வரி எண் இவை மூன்றும்தான் இப்போது போகின்றன. பிழையைக் கண்டுபிடிக்க அதற்கு மேல் எங்களுக்கு இதுவரை தேவைப்படவில்லை.