ஃப்ளைட் டிசைன் சி.டி.எல்.எஸ்.: பாராசூட்டுக்கு எட்டாத கடைசிப் பத்தடி

சி.டி.எல்.எஸ். இரண்டு பேர் உட்காரும் ஜெர்மன் விமானம். 2008இல் சந்தைக்கு வந்தது. உக்ரைனின் கெர்சோன் நகரில் கட்டப்பட்டு வந்தது; 2022இல் போர் மூண்ட பிறகு ஃப்ளைட் டிசைன் நிறுவனத்தின் உற்பத்தி செக் நாட்டின் ஷும்பெர்க்குக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் பழைய விமானம் ஒன்றைத் தேடுபவர்கள் இதை வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஆனால் 'விமானத்துக்கே பாராசூட் இருக்கிறதே' என்ற தைரியத்தில் வாங்கக் கூடாது.

உட்கார்ந்ததுமே பிடித்துப்போகும். கதவு மேல்நோக்கித் திறக்கும். உள் அகலம் 124 சென்டிமீட்டர், பலரும் ஓட்டிப் பழகும் நான்கு இருக்கை விமானமான செஸ்னா 172ஐ விட ஏறக்குறைய ஒரு சாண் அதிகம். இறக்கை மேலே, அதைத் தாங்கும் சாய்வுக் கம்பி கிடையாது. பக்கவாட்டில் பார்வையை எதுவும் மறைக்காது. 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் 110 நாட் (மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்) வேகத்துக்கு மணிக்கு 18 முதல் 20 லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது. இரண்டு டாங்கிலும் சேர்த்து 130 லிட்டர் பிடிக்கும்.

எடைக் கணக்கைக் கையோடு போட்டுவிட வேண்டும். உச்ச எடை 600 கிலோ. காலி விமானம், உள்ளிருக்கும் கருவிகளைப் பொறுத்து, 330 கிலோ அளவில் வரும். மிச்சம் 270. முழு டாங்க் பெட்ரோல் 94 கிலோ. மீதி 176 கிலோவுக்குள் ஆட்களும் பையும் அடங்க வேண்டும். 90 கிலோக்காரர் இருவர் ஏறினால், பை இல்லாமலேயே எல்லை தாண்டிவிடும். பெட்ரோலை 100 லிட்டரோடு நிறுத்தினால் பைக்கு 18 கிலோ கிடைக்கும். அதே வகை விமானம்தானே என்று பொது எண்ணை நம்பாமல், அந்த விமானத்துக்குரிய எடைத்தாளையே பார்க்க வேண்டும்.

பாதுகாப்புக்கு வருவோம். ஃப்ளாப், அதாவது இறக்கையின் பின்விளிம்பு மடல், முழுதும் இறக்கிய நிலையில் ஸ்டால் வேகம் 39 நாட்; அதற்குக் கீழே போனால் இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாது. செஸ்னாவின் 172எஸ் ரகத்துக்கு அது 48 நாட். எடையும் 1,157 கிலோ. வயலில் இறங்க நேர்ந்தால் சி.டி.எல்.எஸ். சுமந்து வரும் ஆற்றல் அதில் மூன்றில் ஒரு பங்குதான். உயிர் பிழைக்க இது பெரிய விஷயம். வானத்தில் கை மீறிப் போனால் எஞ்சினை அணைத்து, பெல்ட்டை இறுக்கி, சிவப்புக் கைப்பிடியை இழுத்தால், ராக்கெட் பாராசூட்டை வெளியே எடுத்துச் சென்று முழு விமானத்தையும் தொங்கவிடும்.

ஆனால் இந்த விமானங்கள் அடிபடுவது பெரும்பாலும் ஓடுபாதைக்குப் பத்தடி மேலே. அங்கே பாராசூட்டால் ஒன்றும் ஆகாது. பெரிய விமானத்திலிருந்து வருபவர் பழக்கத்தில் 65, 70 நாட் வேகத்தில் வந்துவிடுவார். விமானம் இறங்க மறுத்து மிதக்கும். பொறுமை இழந்து மூக்கைத் தூக்குவார். எடை குறைவு, உந்தமும் குறைவு. வேகம் சட்டென்று கரைந்து தொப்பென்று விழும். முதலில் வாங்கிக்கட்டுவது சக்கரக் கால்கள். எஞ்சின் நின்றாலும் இதே கதைதான்: 172 யோசிக்க நேரம் கொடுக்கும், இது கொடுக்காது. மூக்கை உடனே தாழ்த்த வேண்டும்.

இன்னொரு சிக்கல், மூக்கின் வளைந்த வடிவம். எஞ்சின் மூடியின் நடுவைக் குறியாக வைத்து இறங்குபவர், தெரியாமலே விமானத்தைக் கோணலாகத் தரையில் வைப்பார். குறி, ஓட்டுபவரின் கண்ணுக்கு நேர் முன்னே இருக்க வேண்டும். மூக்குச் சக்கரம், வால் சுக்கானைத் திருப்பும் ரட்டர் பெடலோடு நேரடியாக இணைந்தது. பெடலை மிதித்தபடியே அது தரையைத் தொட்டால் விமானம் வெட்டித் திரும்பும். காற்று வீசியடிக்கும் நாளில் 35 டிகிரி ஃப்ளாப் வேண்டாம். 15 அல்லது 0 போதும். பழக்கம் வரும் வரை 35ஐத் தொடாமல் இருப்பதே நல்லது.

விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று காட்டும் பந்து ஒன்று கருவிப் பலகையில் உண்டு. பறக்கும்போது அது நடுவில் இல்லாவிட்டால், ஒரு பக்கத்து டாங்க் மட்டும் வற்றும். இடது வலது மாற்றும் வால்வு கிடையாது. விமானத்தின் உள்ளே, இறக்கை வந்து சேரும் இடத்தில் தெரியும் பெட்ரோல் அளவுக் குழாய்களை அடிக்கடி பார்த்து, பந்தை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

ரோட்டாக்ஸ் உழைக்கும் எஞ்சின்; ஓவர்ஹாலுக்கு 2,000 மணி நேரம். அதற்கென்று சில பழக்கங்கள் உண்டு. எண்ணெய் அளவு பார்க்குமுன், இக்னிஷனை அணைத்துவிட்டு, எண்ணெய்த் தொட்டியில் களகளவென்று சத்தம் கேட்கும்வரை ப்ரொப்பெல்லரைச் சுழலும் திசையிலேயே கையால் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றவே கூடாது. எண்ணெய் 50 டிகிரி செல்சியஸ் எட்டாமல் முழு த்ராட்டில் கொடுக்கக் கூடாது. நிமிடத்துக்கு 4,000 சுழற்சியில் இரண்டு இக்னிஷனையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கும்போது, 300க்கு மேல் இறங்கினாலோ, இரண்டுக்கும் இடையில் 115க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ கிளம்ப வேண்டாம். எஞ்சினை நிறுத்தும்போது அது உதறினால் இரு கார்புரேட்டரும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அப்படியே ஓட்டினால் கியர்பாக்ஸ் தேயும். கார்புரேட்டர் மிதவைகள் பெட்ரோலை உறிஞ்சிக் கனப்பதுண்டு. ஒரு கிண்ணத்தின் இரண்டு மிதவைகளும் சேர்ந்து 7 கிராமுக்கு மேல் இருந்தால் மாற்றிவிட வேண்டும்.

வாங்குமுன் பதிவேட்டில் மூன்று தேதிகளைப் பாருங்கள். ரப்பர்க் குழாய்கள் முழுவதும் 5 ஆண்டுக்கு ஒருமுறை, பாராசூட் மறுமடிப்பு 6 ஆண்டு, ராக்கெட் 12 ஆண்டு. மூன்றும் கெடு தாண்டிய விமானம் மலிவாகக் கிடைத்தால் அது மலிவல்ல. செலவு ஆயிரக்கணக்கான டாலர். ரேடியோ மாற்றக்கூட நிறுவனத்தின் எழுத்து அனுமதி தேவைப்படும் என்பதால், அந்தக் கடிதங்களையும் கேட்டு வாங்க வேண்டும்.

2025 அக்டோபர் 22 முதல், அமெரிக்க விமானத் துறையின் மொசைக் என்ற புது விதிப்படி ஸ்போர்ட் பைலட் உரிமத்திலேயே 172ஐயும் ஓட்டலாம், ஒரு பயணியோடு. அப்படியிருக்க சி.டி.எல்.எஸ். எதற்கு? பாதிச் செலவில் எரிபொருள், அகலமான இருக்கை, பாராசூட். வார இறுதியில் இரண்டு பேர் பறக்க இதுதான் நல்ல தேர்வு. 20 மணி நேரப் பயிற்சியில் உரிமம் வாங்கியவரும் சரி, 172இல் 500 மணி நேரம் பறந்தவரும் சரி, இதில் அனுபவமுள்ள பயிற்சியாளரோடு குறுக்குக் காற்றில் ஐம்பது முறையாவது இறங்கிப் பழகிய பிறகே தனியாக எடுக்க வேண்டும்.